கிங்ஸ் முதலாம் தொகுதி
(சொற்பொழிவு)



கனடா தேசத்தின் கீழ்க்கரையில், செயின்ட் லாரன்ஸ் வளைகுடாவின் அலைகளுக்கு நடுவே, பிறைச் சந்திரனைப் படுக்க வைத்தாற்போல் கிடக்கிற பிரின்ஸ் எட்வர்ட் தீவு, அத்தேசத்தின் பத்து மாகாணங்களுள் பரப்பிலும் சிறியது, ஜனத்தொகையிலும் சிறியது. அதன் முழு விஸ்தீரணமும் ஏறக்குறைய 5,660 சதுர கிலோமீட்டர். 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கே வசித்தவர்கள் ஒரு லட்சத்து ஐம்பத்து நாலாயிரம் பேர். இத்தனை சிறிய மாகாணத்தின் கிழக்கு முனையில், சூரிஸ் என்னும் மீன்பிடித் துறையைச் சுற்றிக் கிடந்த ஒரே ஒரு சட்டமன்றத் தொகுதியைப் பற்றித்தான் இன்று உங்கள் முன் பேச வந்திருக்கிறேன். 'கிங்ஸ் முதலாம் தொகுதி' என்பது அதன் பெயர். ஒரு நூற்றாண்டுக்கு மேல் இருந்து, 1996இல் வரைபடத்திலிருந்து மறைந்துபோன தொகுதி அது. மன்னர்களையும் மகாயுத்தங்களையும் விட்டுவிட்டு இத்தகைய சிறு நிலப்பகுதியின் கதையைச் சொல்ல எடுத்துக்கொண்டமைக்கு என்ன முகாந்தரம் என்று நீங்கள் கேட்கலாம். ஜனநாயகம் என்று நாம் பெரிதாகப் பேசுகிற அந்த ஏற்பாடு, மண்ணோடும் வரப்போடும் குத்தகைச் சீட்டோடும் எப்படிப் பின்னிப் பிணைந்து வளர்ந்தது என்பதை, ஒரு தேசத்தின் சரித்திரத்தில் காண்பதைவிட இப்படிப்பட்ட ஒரு தொகுதியின் சரித்திரத்தில் கண்ணெதிரே காணலாம் என்பதே என் முகாந்தரம்.

கதையை நடுவிலிருந்தே தொடங்குகிறேன். 1966ஆம் ஆண்டு மே மாதம் 30ஆம் தேதி அந்த மாகாணத்தில் பொதுத் தேர்தல் நடந்தது. சட்டமன்றத்தில் அப்போது 32 இடங்கள். அன்றிரவு வாக்குகளை எண்ணி முடித்தபோது, ஆட்சியிலிருந்த கன்சர்வேடிவ் கட்சிக்கு 15 இடங்களும், எதிர்த்து நின்ற லிபரல் கட்சிக்கு 15 இடங்களும் கிடைத்திருந்தன. மிஞ்சிய இரண்டு இடங்களும், தொகுதிக்கு இரண்டு உறுப்பினர் என்ற அக்கால முறைப்படி, கிங்ஸ் முதலாம் தொகுதியைச் சேர்ந்தவை. அத்தொகுதியின் வேட்பாளர் ஒருவர் வாக்களிப்புக்கு முன்பே காலமாகிவிட்ட காரணத்தால், அங்கு மட்டும் தேர்தல் ஜூலை மாதம் 11ஆம் தேதிக்கு ஒத்திவைக்கப்பட்டிருந்தது. ஆகவே, மாகாணத்தை ஆளப்போவது முதலமைச்சர் வால்டர் ஷாவா, அல்லது முப்பத்திரண்டே வயதான அலெக்ஸாண்டர் காம்பெலா என்ற கேள்விக்கு, சில ஆயிரம் உழவர்களும் மீனவர்களும் மட்டுமே பதில் சொல்ல வேண்டிய நிலைமை ஏற்பட்டது.

அந்த ஆறு வாரங்களில் நடந்ததை அத்தீவின் மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். அதுவரை செம்மண் சாலைகளாகவே கிடந்த வழிகளில் திடீரென்று அரசாங்கத்தின் சாலை வேலையாட்கள் வந்து இறங்கினார்கள். தார் கொதிக்கும் வாடை ஊர்களிலெல்லாம் பரவிற்று. எந்த நாளும் எட்டிப் பாராத பெரிய மனிதர்கள் வீடு வீடாக வந்து நலம் விசாரித்தார்கள். இதிலே ஒரு விசித்திரம் உண்டு. இதே தீவுதான் 1908ஆம் ஆண்டில் மோட்டார் வண்டிகளால் குதிரைகள் மிரளுகின்றன, சந்தைக்குப் போகும் பெண்கள் அஞ்சுகிறார்கள் என்று கூறி, பொதுச் சாலைகளில் மோட்டார் வண்டியே ஓடக்கூடாது என்று சட்டம் இயற்றியது. 1913இல் வாரத்தில் சில நாட்களுக்கு மட்டும் வழிவிட்டு, முதல் மகாயுத்தம் முடிந்த பிறகே அந்தத் தடை முற்றிலும் நீங்கிற்று. மோட்டாருக்கு வழி மறுத்த அந்தச் சாலைகளே, இரண்டு தலைமுறைக்குள், ஓர் ஆட்சியைக் காப்பாற்றுவதற்காகத் தார் பூசிக்கொண்டன.

ஆனாலும் ஆட்சி காப்பாற்றப்படவில்லை. இரு இடங்களையும் லிபரல் கட்சியே வென்றது. 17க்கு 15 என்ற கணக்கில் காம்பெல் முதலமைச்சரானார். வென்ற இருவருள் ஒருவர் டேனியல் மக்டொனால்டு. பாத்வெல் என்னும் அந்த வட்டாரக் கிராமத்தில் பிறந்த உழவர். இரண்டாம் உலக யுத்தத்தில் இத்தாலிப் போர்க்களத்தில் ஒரு கையையும் ஒரு காலையும் இழந்து ஊர் திரும்பியவர். திரும்பி வந்தபின் மீண்டும் பண்ணையில் உழைத்து, 1962இல் முதன்முதலாகச் சட்டமன்றத்துக்கு வந்தவர். பின்னாளில் அவர் மாகாணத்தின் விவசாய அமைச்சராகவும், அதன்பின் கனடா மத்திய அரசாங்கத்தில் முன்னாள் படைவீரர் நலத்துறை அமைச்சராகவும் பணியாற்றினார். சார்லட்டவுன் நகரில் அத்துறையின் தலைமை அலுவலகம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இந்தக் கதையைச் சொல்லுகிறவர்கள் பெரும்பாலும் தார்ச் சாலையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். என் அபிப்பிராயத்தில், அந்தத் தேர்தலின் உண்மையான முக்கியத்துவம் தாரில் இல்லை. 1893 முதல் அத்தீவில் நடந்த தேர்தல்களிலெல்லாம் சொத்துக்கென்று ஒரு தனி வாக்கு இருந்து வந்தது. சொத்தின் வாக்கை நீக்கி, மனிதரின் வாக்கை மட்டும் எண்ணி நடந்த முதல் பொதுத் தேர்தல் அந்த 1966ஆம் ஆண்டுத் தேர்தல். அந்தப் புதிய முறையில் மாகாணத்தின் தலைவிதி கிங்ஸ் கவுண்டி என்னும் கிழக்கு மாவட்டத்தின் கோடியில் தீர்மானமாயிற்று என்பதில், அவ்வூர்களின் பழைய சரித்திரத்தை அறிந்தவர்களுக்கு மெய்சிலிர்ப்பு உண்டாகாமல் இராது. அந்தச் சரித்திரத்தை இனிச் சொல்லுகிறேன்.

பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து 1763ஆம் ஆண்டுப் பாரிஸ் உடன்படிக்கையால் இத்தீவு பிரிட்டன் கைக்கு வந்தது. அதற்கு ஐந்தாண்டு முன்னரே, அங்கே நிலம் திருத்திக் குடியிருந்த அகேடியர் என்னும் பிரெஞ்சுக் குடியானவர்களுள் பெரும்பாலோர் கப்பலேற்றி நாடு கடத்தப்பட்டிருந்தார்கள். அவர்களுக்கும் முன்னே பல்லாயிரம் ஆண்டுகளாக மிக்மாக் என்னும் பூர்விகக் குடிகள் அத்தீவில் வாழ்ந்து வந்தார்கள். இந்த இரு ஜனங்களின் பாத்தியதைகளையும் கணக்கில் கொள்ளாமல், சாமுவேல் ஹாலண்ட் என்னும் நில அளவை அதிகாரி 1764 முதல் 1765 வரை தீவை அளந்து, மூன்று கவுண்டிகளாகவும், ஒவ்வொன்றும் சுமார் இருபதாயிரம் ஏக்கர் கொண்ட 67 நிலக்கூறுகளாகவும் பிரித்தார். கூறு என்பதை அங்குள்ளவர்கள் 'லாட்' என்பார்கள். மேற்கு முனையில் ஒன்று என்று எண்ணிக்கை தொடங்கும். கிழக்குக் கோடி முனை 47ஆம் லாட். ஹாலண்ட் திறமைசாலி என்பதில் ஐயமில்லை. கடுங்குளிரில் அவர் செய்த அளவை துல்லியமானது. ஆனால் மண்ணை அளந்தவர் மனிதருக்காக அளக்கவில்லை. பங்கு போடுவதற்காக அளந்தார்.

பங்கு போட்ட விதத்தைக் கேளுங்கள். 1767ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், லண்டன் மாநகரில், ஒரே நாளில், சீட்டுக் குலுக்கல் மூலம் அத்தீவின் நிலம் ஏறத்தாழ முழுவதும் இராணுவ அதிகாரிகளுக்கும் வணிகர்களுக்கும் அரசாங்கத்தில் செல்வாக்குடையவர்களுக்கும் வழங்கப்பட்டுவிட்டது. இருநூறு ஏக்கருக்கு ஒருவர் வீதம் பத்தாண்டுகளுக்குள் குடியேற்ற வேண்டும், அரசருக்கு ஆண்டுதோறும் வரி செலுத்த வேண்டும் என்பவை நிபந்தனைகள். நிபந்தனைகளை நிறைவேற்றியவர்கள் மிகச் சிலர். பெரும்பாலோர் தீவைக் கண்ணாலும் கண்டதில்லை. ஏஜென்டு ஒருவரை நியமித்துவிட்டு, ஸ்காட்லாந்திலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் பிழைப்பு நாடி வந்து, காட்டை வெட்டி நிலமாக்கிய ஏழைகளிடம் குத்தகைப் பணத்தை மட்டும் எதிர்பார்த்திருந்தார்கள். ஜமீன் முறையைக் கேள்விப்பட்டிருக்கிற நமக்கு இதை விவரித்துச் சொல்ல வேண்டியதில்லை. கடல் கடந்து வசிக்கும் ஜமீன்தார், காட்டைத் திருத்திய குடியானவன், இடையிலே ஏஜென்டு.

1773ஆம் ஆண்டில் சார்லட்டவுனில் முதல் சட்டசபை கூடியது. உறுப்பினர் பதினெட்டுப் பேர், தீவு முழுவதும் ஒரே தொகுதி, கத்தோலிக்கருக்கு வாக்கில்லை. பின்னர் கவுண்டிகளும் நகரங்களும் தனித்தனியே பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்கலாயின. 1830இல் கத்தோலிக்கருக்கு வாக்கு கிடைத்தது. அதற்கு அடுத்த ஆண்டே கிங்ஸ் கவுண்டியிலிருந்து வில்லியம் கூப்பர் என்பவர் சட்டசபைக்கு வந்தார். அவரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

சூரிஸுக்கு அருகே பே ஃபார்ச்சூன் என்று ஒரு கரையோர ஊர். அங்கே ஒரு பிரபுவின் நிலத்துக்கு ஏஜென்டாக இருந்தவர், 1819ஆம் ஆண்டில், குத்தகைப் பாக்கிக்காக ஒரு குடியானவரின் குதிரையைக் கைப்பற்ற முற்பட்டபோது, அந்தக் குடியானவரின் துப்பாக்கிச் சனியனால் குத்துண்டு இறந்தார். குத்தியவர் அகப்படவேயில்லை. அவரை மறைத்துக் காப்பாற்றியவர்கள் அண்டை அயலார் என்பதை நாம் ஊகிக்கலாம். காலியான அந்த ஏஜென்டு வேலைக்கு 1820இல் வந்தவர்தான் இந்தக் கூப்பர், முன்பு கப்பலோட்டியாக இருந்தவர். சில ஆண்டுகள் ஜமீன்தாருக்காகக் குத்தகை வசூலித்துவிட்டு, பின்பு வேலையை இழந்து, அதே குடியானவர்களின் பக்கம் வந்து நின்று, நிபந்தனையை நிறைவேற்றாத ஜமீன்தார்களின் பாத்தியதை செல்லாது, நிலம் அரசருக்கே திரும்பி உழுபவனுக்கு வழங்கப்பட வேண்டும் என்று முழங்கினார். அவர் மனம் எப்படி மாறியது என்பதைப் பற்றி அவருடைய எதிரிகள் ஏளனமாக எழுதி வைத்திருக்கிறார்கள். கணக்குப் புத்தகத்தின் இரண்டு பக்கங்களையும் பார்த்த ஒருவர் பேசுகிற பேச்சுக்குத் தனிப் பலம் உண்டு என்றே நான் நினைக்கிறேன்.

1836ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், பனி மூடிய ஹே ரிவர் என்னும் ஊரில் குத்தகைதாரர்கள் பெருங்கூட்டமாகக் கூடி, ஜமீன்தார்களின் பாத்தியதை பற்றி முடிவாகும்வரை குத்தகை கொடுப்பதில்லை என்னும் கருத்துப்படத் தீர்மானம் செய்தார்கள். கிங்ஸ் கவுண்டியின் வடகிழக்குக் கரையில், நாம் பேசுகிற இந்த வட்டாரத்தில் இருப்பது அந்த ஊர். அந்தத் தீர்மானத்துக்காகச் சட்டசபை கூப்பரையும் அவருடைய தோழர்களான லெலேஷரையும் மாக்கின்டாஷையும் சபையை அவமதித்தவர்களாகத் தீர்மானித்துக் காவலில் வைத்தது. மக்களின் விடை 1838ஆம் ஆண்டுத் தேர்தலில் வந்தது: இருபத்து நான்கு இடங்களில் பதினெட்டு கூப்பரின் கட்சிக்கு. காவலில் வைக்கப்பட்டவர், தம்மைக் காவலில் வைத்த அதே சபைக்குத் தலைவராக அமர்ந்தார். குடியானவர்களின் வழக்கை எடுத்துரைக்க அவர் லண்டனுக்குக் கப்பலேறினார். அங்கே குடியேற்ற நாட்டு மந்திரி அவரைச் சந்திக்கவும் மறுத்துவிட்டார். தேர்தலில் வென்றாலும் அதிகாரம் கைக்கு வராது என்பதை அந்தத் தீவு அப்போதுதான் கண்டுகொண்டது. கூப்பரும் பின்னாளில், 1849இல், குடும்பத்தோடு கப்பலேறிக் கலிபோர்னியாவுக்குப் போய்ச் சேர்ந்தார்.

நிலப் பிரச்சினை தீர்வதற்கு இன்னும் இருபத்தாறு ஆண்டுகள் ஆயின. 1851இல், மந்திரிசபை சட்டசபைக்குக் கட்டுப்பட்டு ஆளும் பொறுப்பாட்சி வந்தது. 1873இல், ரயில் பாதை போட்டுப் பட்ட கடன் கழுத்தை நெரித்த நிலையில், தீவு கனடாவோடு இணைந்தது. ஜமீன்களை விலைக்கு வாங்கக் கனடா எட்டு லட்சம் டாலர் வரை கொடுத்து உதவ ஒப்புக்கொண்டது இணைப்பின் நிபந்தனைகளுள் ஒன்று. 1875இல் நிறைவேறிய நிலக்கொள்முதல் சட்டத்தின்படி, விற்க மறுத்த ஜமீன்தார்களும் விற்றே தீர வேண்டியதாயிற்று.

நிலம் குடியானவனுக்கு வந்தது. ஆனால் நிலத்துக்குத் தனி மதிப்பு என்ற எண்ணம் போகவில்லை. அது வாக்குப் பெட்டிக்குள் குடிபுகுந்தது. 1862இலேயே, சட்டசபைக்கு மேலிருந்த மேல்சபைக்கும் தேர்தல் முறை வந்திருந்தது. ஆனால் நூறு பவுன் பெறுமான சொத்துடையவர்களே அதற்கு வாக்களிக்கலாம் என்று விதித்திருந்தார்கள். இரண்டு சபைகளைக் கட்டிக் காக்கிற செலவு ஒரு லட்சம் பேருள்ள மாகாணத்துக்கு எதற்கு என்ற கேள்வி எழுந்தபோது, 1893இல், முதலமைச்சர் பிரெடரிக் பீட்டர்ஸின் காலத்தில், மேல்சபையைக் கலைத்தார்கள் என்று சொல்லவும் முடியாது, கீழ்ச்சபையோடு கலந்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். மூன்று கவுண்டிகளுக்கும் ஐந்தைந்தாக மொத்தம் பதினைந்து தொகுதிகள். தொகுதிக்கு இரண்டு உறுப்பினர். ஒருவருக்குக் 'கவுன்சிலர்' என்று பெயர், மற்றவருக்கு 'அசெம்பிளி உறுப்பினர்' என்று பெயர். இருவரும் அமர்வது ஒரே மன்றம், பேசுவது ஒரே விவாதம், வாக்கின் மதிப்பும் ஒன்றே. ஆனால் அசெம்பிளி உறுப்பினரை வயது வந்த ஆண்கள் தேர்ந்தெடுப்பார்கள். கவுன்சிலரை 325 டாலர் மதிப்புள்ள சொத்துடையவர்கள் மட்டும் தேர்ந்தெடுப்பார்கள். எத்தனை தொகுதிகளில் சொத்திருக்கிறதோ அத்தனை தொகுதிகளிலும் வாக்குண்டு. எண்பது கிலோமீட்டருக்கு அப்பால் சார்லட்டவுனில் குடியிருக்கிற ஒரு வியாபாரிக்குச் சூரிஸ் துறையில் ஒரு மனையிருந்தால், அவர் இரண்டு இடத்திலும் கவுன்சிலரைத் தேர்ந்தெடுக்கலாம். அதே துறையில் பிறந்து, படகில் கூலிக்குப் போகிற மீனவர், தம் வாழ்நாள் முழுவதும் தம் தொகுதியின் இரண்டு பிரதிநிதிகளில் ஒருவரைப் பற்றி வாய் திறக்க முடியாது. கிங்ஸ் முதலாம் தொகுதி அந்த வடிவம் எடுத்தது இந்தச் சட்டத்தில்தான்.

இரகசிய வாக்களிப்பு என்பதும் அங்கே சுலபமாக வரவில்லை. 1877இல் கொண்டுவந்தார்கள், இரண்டே ஆண்டில் நீக்கினார்கள், 1913இல்தான் அது நிலைத்தது. அதுவரை, அண்டை வீட்டாரும் கடன் கொடுத்த கடைக்காரரும் சுற்றி நிற்க, வாக்காளர் தம் விருப்பத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். 1922இல் பெண்களுக்கு வாக்குரிமை வந்தது. முதல் பெண் உறுப்பினராக ஜீன் கான்ஃபீல்டு சபைக்குள் நுழைய 1970 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இரட்டை உறுப்பினர் முறையில் ஒரு நன்மையும் இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டினரும் கலந்து வாழ்ந்த தொகுதிகளில், இரண்டு கட்சிகளுமே ஓர் இடத்துக்குக் கத்தோலிக்கரையும் மற்றோர் இடத்துக்குப் புராட்டஸ்டண்டினரையும் நிறுத்தும் வழக்கம் நாளடைவில் நிலைபெற்றது. கத்தோலிக்கரை எதிர்த்துக் கத்தோலிக்கர், புராட்டஸ்டண்டினரை எதிர்த்துப் புராட்டஸ்டண்டினர். எழுதாத உடன்படிக்கை அது. பள்ளிக்கூடப் பிரச்சினையில் மதச் சண்டை மூண்டு மந்திரிசபைகள் கவிழ்ந்த ஒரு தீவில், வாக்குச்சாவடியில் மதத்தின் பெயரால் மோதல் எழாமல் காத்த பெருமை அந்த வழக்கத்துக்கு உண்டு. சட்டம் சொத்துக்காக வகுத்த இரண்டு இடங்களை, மக்கள் சமாதானத்துக்காகப் பயன்படுத்திக்கொண்டார்கள். அந்தச் சாமர்த்தியத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

தொகுதிகளின் எல்லைகள் மட்டும் அசையவில்லை. ஹாலண்ட் கீறிய லாட்டுகளை அடுக்கிக் கட்டிய எல்லைகள் அவை. மனிதர்கள் அசைந்தார்கள். 1891இல் 1,09,078 பேர் இருந்த தீவில் 1931இல் 88,038 பேரே இருந்தார்கள். பாஸ்டன் நகரத்து ஆலைகளுக்கும் மேற்கத்திய கோதுமை வெளிகளுக்கும் இளைஞர்கள் போய்க்கொண்டேயிருந்தார்கள். தங்கியவர்களும் கிராமத்தை விட்டுச் சார்லட்டவுனை நோக்கி நகர்ந்தார்கள். 1963இல் சொத்து வாக்கை நீக்கிய சீர்திருத்தத்தின்போது, தலைநகர் இருக்கிற குவீன்ஸ் கவுண்டிக்கு ஆறாவதாக ஒரு தொகுதியைச் சேர்த்தார்கள். ஒதுக்கப்பட்ட நிலங்களில் வாழும் மிக்மாக் மக்களுக்கும் அப்போதுதான் மாகாண வாக்குரிமை கிடைத்தது. தீவின் ஆதிக்குடிகள் வாக்குரிமையில் கடைசி வரிசையில் நின்றார்கள் என்பதை வருத்தத்தோடு குறிப்பிட வேண்டியிருக்கிறது.

சேர்த்த ஒரு தொகுதி போதவில்லை. காலப்போக்கில் குவீன்ஸ் கவுண்டியின் மிகப் பெரிய தொகுதியில் இருந்த வாக்காளர்கள், கிங்ஸ் கவுண்டியின் மிகச் சிறிய தொகுதியில் இருந்தவர்களைப்போல் ஐந்து மடங்குக்கும் மேலானார்கள். இரண்டுக்கும் பிரதிநிதிகள் இரண்டிரண்டு பேரே. 1993இல் மாகாண நீதிமன்றம், இந்த ஏற்பாடு கனடாவின் உரிமைச் சாசனம் அளிக்கிற வாக்குரிமைக்கு மாறானது என்று தீர்ப்பளித்தது. அதற்கு இரண்டாண்டு முன்னர் சஸ்காட்செவன் மாகாணத்து வழக்கொன்றில் கனடாவின் உச்ச நீதிமன்றம், வாக்குகள் அச்சொட்டாகச் சமமாக இருக்கவேண்டும் என்பதைவிட, குடிமக்களுக்குப் பயனுள்ள பிரதிநிதித்துவம் கிடைக்கவேண்டும் என்பதே தத்துவம் என்று விளக்கியிருந்தது. தூரமும், சிறுபான்மையினரின் நலனும், ஊர்களின் பழைய ஒட்டுறவும் கவனிக்கத் தக்கவை என்பது அதன் கருத்து. அந்தத் தளர்வான அளவுகோலைக் கொண்டு பார்த்தும், தீவின் வரைபடம் நிற்கவில்லை. தீர்ப்பு நியாயமானதே என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. குத்தகைதாரனுக்கு ஒரு மனிதனுக்குரிய மதிப்பு வேண்டும் என்று ஹே ரிவரில் கூடியவர்கள் கேட்டார்களே, சார்லட்டவுனில் வாடகை வீட்டில் குடியிருக்கிறவர் கேட்டதும் அதே நியாயத்தைத்தான். ஆனால் இம்முறை அந்த நியாயத்துக்கு இடையூறாக நின்றது கிங்ஸ் கவுண்டியின் சொந்த எல்லைக்கோடு.

எல்லைகளை மறுவரையறை செய்ய அமைந்த குழு முப்பது தொகுதிகளைச் சிபாரிசு செய்தது; சட்டமன்றம் இருபத்தேழாகக் குறைத்து, தொகுதிக்கு ஓர் உறுப்பினர் என்று முடிவு செய்தது. 1996ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் தேதி நடந்த தேர்தல் அந்தப் புதிய வரைபடத்தின்படி நடந்தது. பத்து உறுப்பினர்களை அனுப்பிவந்த கிங்ஸ் கவுண்டிக்கு ஐந்து தொகுதிகள் மிஞ்சின. இரண்டு மதத்தாரும் ஆளுக்கோர் இடத்தில் நிற்கிற பழைய வழக்கம், இடம் ஒன்றாகிவிட்டபடியால், தானே மறைந்தது. அதைப் பற்றி அங்கே பெரிய புலம்பல் எழாமற்போனது, அந்த வழக்கம் தன் வேலையை ஏற்கெனவே செய்து முடித்துவிட்டது என்பதற்கு அடையாளம் என்று கருதுகிறேன்.

புதிய தொகுதிகளுக்கு எண்ணோடு ஊரின் பெயரும் வைத்தார்கள். கிங்ஸ் முதலாம் தொகுதியாக இருந்த கிழக்கு முனை இப்போது 'சூரிஸ் – எல்மைரா' என்று வழங்குகிறது. எல்மைரா, அத்தீவின் ரயில் பாதை கிழக்கே முடிந்த கடைசி நிலையம். 1989இல் ரயில் நின்றுபோய், அந்தத் தண்டவாளம் கிடந்த வழியில் இன்று மக்கள் நடைபயணம் செய்கிறார்கள். சூரிஸ் என்பது பிரெஞ்சு மொழியில் சுண்டெலியைக் குறிக்கும் சொல். நாடு கடத்தப்படுவதற்கு முன், ஹாலண்டின் சங்கிலி அந்த மண்ணில் விழுவதற்கும் முன், அங்கே பயிரிட்ட அகேடியக் குடியானவர்களின் விளைச்சலை எலிக்கூட்டம் திரும்பத் திரும்ப வந்து தின்று தீர்த்தது. பட்டினி கிடந்த அவர்கள் அந்தத் துறைக்கு வைத்த பெயர் அது. அதுதான் இப்போது தொகுதியின் பெயரில் முதலாவதாக நிற்கிறது.